முன்வரிசைக் கழுத்து

ஸ்ரீ நாதசம்ரக்ஷண சபாவின் முன்வரிசையில் உட்காருகிறவர்கள் கச்சேரி நடக்கும்போது தலையாட்ட வேண்டும் என்று சபா விதிகளில் எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் யாராவது மீறியிருப்பார்கள். எழுதாததால் மயிலாப்பூரில் அது சட்டத்தைவிடக் கெட்டியாக இருந்தது.

எனக்கு அந்தச் சபாவில் இரண்டு இடங்கள். ஒன்று, நிர்வாகக் குழுவில் கூட்டக் குறிப்பு எழுதுகிறவன். மற்றவர்கள் பேசுவார்கள், நான் எழுதுவேன். நான் பேசினால் அதை எழுத ஆள் இல்லை என்பதால் என்னைப் பேச விட்டதில்லை. இன்னொன்று, ஹாலின் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் ஓர் இருக்கை. அங்கிருந்து பார்த்தால் மேடையில் பாடுகிறவர் தூணுக்கு ஒரு பக்கம் பாதிதான் தெரிவார். அதற்கு ஈடாக முன்வரிசைக் கழுத்துகள் அத்தனையும் நன்றாகத் தெரியும். மயிலாப்பூரின் பெரிய மனிதர்கள் பலரை முகத்தைக் காட்டிக் கேட்டால் எனக்கு அடையாளம் சொல்லத் தெரியாது. பின்கழுத்தைக் காட்டினால் பெயர், பழைய பதவி, மாப்பிள்ளை எங்கே வேலை பார்க்கிறார் என்பது வரை சொல்லிவிடுவேன்.

தலையாட்டத்தில் வகைகள் உண்டு. ஆலாபனைக்கு மெதுவாகப் பக்கவாட்டில் ஆட வேண்டும். ஸ்வரம் முடிந்து தாளத்தில் வந்து விழுந்ததும் மேலிருந்து கீழே ஒரு வெட்டு வெட்ட வேண்டும். என்ன ராகம் என்று தெரியாதவர்கள் பக்கத்துக்காரரைக் கடைக்கண்ணால் பார்த்துச் சற்றுத் தாமதமாக ஆட்டுவார்கள். தூங்குகிறவர்களின் தலையும் ஆடும். அதுவும் கணக்கில் சேரும். முன்வரிசை ஆடினால் கச்சேரி நன்றாக இருக்கிறது என்று பின்வரிசைக்குத் தெரியும், பத்திரிகைக்காரர்களுக்கும் தெரியும். பாடுகிறவருக்கே அப்போதுதான் தெரியும். செயலாளர் சுந்தரராமன் மேடைப் படிக்கட்டு ஓரம் நின்றுகொண்டு எந்தத் தலை ஆடுகிறது, எது ஆடவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஆயுள் முழுக்கக் கணக்குத் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவர். வேறு விதமாகச் சங்கீதம் கேட்க அவருக்கு வராது.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் அய்யாதுரை வந்து உட்கார்ந்தார்.

அய்யாதுரைக்குத் தியாகராய நகர் உஸ்மான் ரோட்டில் எவர்சில்வர் பாத்திரக் கடை. சொந்த ஊர் தெற்கே, திருச்செந்தூர்ப் பக்கம். சங்கீதத்தில் அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு குரல், மகள் ஜெயபாரதியின் குரல். அவள் சின்ன வயசிலிருந்து முறையாகப் பாட்டுக் கற்றுக்கொண்டவள். காலையில் அவள் சாதகம் செய்யும்போது அய்யாதுரை எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். எது சரி, எது பிசகு என்று அவருக்குத் தெரியாது. மனசுக்குப் பிடித்த இடத்தில் தலையை நன்றாக ஆட்டுவார். அந்தத் தலையாட்டம் விழுந்த பிறகுதான் அவள் அடுத்த பாட்டுக்குப் போவாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது. அப்பாவுக்குப் போதவில்லை. டிசம்பர் சீசனில், மயிலாப்பூர்ச் சபா மேடையில், மகள் ஒரு தடவையாவது உட்கார்ந்து பாட வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

ஆசைப்பட்டவர் அதை முறைப்படி செய்தார். சபா கேன்டீனுக்கு வேண்டிய டவரா டம்ளர் அத்தனையையும் தன் கடையிலிருந்து அனுப்பினார். ஒவ்வொன்றிலும் சபாவின் பெயரை வெட்டிக் கொடுத்தார். சபா அவரைப் புரவலர் ஆக்கி முன்வரிசையில் ஓர் இருக்கை கொடுத்தது. மகளுக்குக் கச்சேரி எப்போது என்று கேட்டபோது சுந்தரராமன், "பார்க்கலாம்" என்றார். எங்கள் சபாவில் அந்தச் சொல் பழுக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும்.

அது எழுபத்தொன்றாம் வருஷம். ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், லஸ் முனையில் போலீஸ்காரர் கை காட்டியதும் அய்யாதுரையின் கார் நின்றது. பின்னால் வந்த லாரி நிற்கவில்லை. பெரிய மோதல் ஒன்றும் இல்லை. பின்பக்க பம்பரில் ஓர் எலுமிச்சம்பழம் உட்காருகிற அளவுக்குப் பள்ளம். பின் சீட்டில் இருந்த அய்யாதுரையின் தலை ஒரு தடவை முன்னால் போய்ப் பின்னால் வந்தது, அவ்வளவுதான். லாரிக்காரனிடம், "பரவால்ல, நீ போப்பா" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய் வியாபாரத்தைப் பார்த்தார். மறுநாள் காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை.

கார் ஓட்டியவன் பொன்னுரங்கம், அடையாறு ஆற்றோரத்துக்காரன். பிற்பாடு ஒரு நாள் சபா வாசலில் என்னிடம் சொன்னான். "காரு சாயங்காலமே சரியாப் போச்சு சார். மொதலாளி கழுத்துதான் இன்னும் சரியாவல. எக்ஸ்ரே புடிச்சாங்கோ. உள்ளார எல்லாம் சோக்காத்தான் கீதாம். வலி மட்டும் போவ மாட்டேங்குது. எக்ஸ்ரேல தெரியாத வலிய யார்கிட்ட போய் காட்டறது, சொல்லு சார்."

ஆழ்வார்பேட்டை எலும்பு டாக்டர் ஷரஃபுதீன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எலும்பு உடையலை. உடைஞ்சிருந்தாக் கட்டிச் சேர்த்துடலாம்," என்றார். "சாட்டையைச் சொடுக்கினா நுனி எப்படிப் போயிட்டு வரும், அந்த மாதிரி உங்க தலை போயிட்டு வந்திருக்கு. உள்ளே நாரெல்லாம் இழுபட்டிருக்கு. சில பேருக்கு ஒரு மாசத்துல போயிடும். சில பேருக்கு வருஷக்கணக்கா நிக்கும்."

"எனக்கு எப்படி டாக்டர்?"

"அதை உங்க கழுத்துதான் சொல்லணும்."

கழுத்து சொன்னது. தலை மேலும் கீழும் போகவில்லை, பக்கவாட்டிலும் போகவில்லை. யாராவது கூப்பிட்டால் மாட வீதி முனையில் தேர் திரும்புகிற மாதிரி மொத்த உடம்பும் திரும்ப வேண்டியிருந்தது. மேல் தட்டில் இருக்கிற குடத்தை வாடிக்கையாளர் காட்டினால் அண்ணாந்து பார்க்க முடியாது, பார்த்தால் தலை சுற்றும். மார்கழிக் குளிரில் பிடரியிலிருந்து தலைவலி கிளம்பும். வலது கை விரல்கள் சில நாள் மரத்துப் போகும். கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்தால், திடீரென்று கழுத்திலிருந்து தோளுக்கு ஒரு மின்னல் இறங்கும். விலையைக் குறைத்துக் கேட்கிறவர்களிடம் தலையசைத்தே மறுத்துப் பழகியவர், இப்போது ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்து 'கட்டாது' என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சொல் வியாபாரத்துக்கு ஆகாது.

டிசம்பரில் முதல் கச்சேரி இலுப்பையூர் ராமசேஷனுடையது. டாக்டர் கழுத்துக்கு ஒரு தோல் பட்டை மாட்டியிருந்தார். அதோடு சபாவுக்குப் போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மனைவி முத்துலட்சுமி ஒரு பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்துப் பட்டை தெரியாமல் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை மார்பில் தொங்கவிட்டாள். கண்ணாடியில் பார்த்தபோது அய்யாதுரை யாரோ பெரிய வித்வானுக்கு அண்ணன் மாதிரி இருந்தார்.

ராமசேஷன் தோடியை எடுத்தார். முன்வரிசை ஆடத் தொடங்கியது. ஒரே ஒரு தலை மட்டும் ஆடவில்லை. தூணுக்குப் பின்னால் இருந்த எனக்கே அது உறுத்தியது என்றால் எதிரே உட்கார்ந்து பாடுகிறவருக்கு எப்படி இருந்திருக்கும். இன்னும் கொஞ்சம் பாடிப் பார்த்தார். ஆடவில்லை. மேலே போய்ப் பார்த்தார், கீழே வந்து பார்த்தார். வயலின்காரர் தன் முறை வந்துவிட்டது என்று வில்லை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். கேன்டீனில் கீரை வடை தீரப்போகிறது என்ற செய்தி உள்ளே வந்தும் தோடி நிற்கவில்லை. கடைசியில் ராமசேஷன் அந்த ஒரு தலைக்காக, தன் குரல் ஏறாத இடம் என்று அவருக்கே தெரிந்த இடத்துக்கு ஏறினார். குரல் கீறியது. அதே நேரத்தில் அய்யாதுரையின் கழுத்திலிருந்து மின்னல் இறங்கியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "ஸ்ஸ்" என்றார்.

மங்களம் பாடி முடித்ததும் ராமசேஷன் மேடையிலிருந்து நேராக இறங்கி வந்தார்.

"அண்ணா, ஒத்துக்கறேன். அந்த இடத்துல நழுவிடுத்து. ஹால்ல அத்தனை பேரும் ஆஹான்னு ஆட்டிண்டிருந்தா. உங்க ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சுது."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி," என்றார் அய்யாதுரை. "கழுத்துல அடிபட்டுருக்கு. வலி தாங்கல. அதாம்."

ராமசேஷன் சுந்தரராமன் பக்கம் திரும்பினார். "பார்த்தேளா. என் மனசு நோகப்படாதுன்னு எப்படிச் சொல்றார்."

தலையாட்டாத புரவலரை மூன்றாவது வரிசைக்கு மாற்றுவது என்று அடுத்த கூட்டத்துக்காகச் சுந்தரராமன் கச்சேரியின்போதே ஒரு தீர்மானம் எழுதி வைத்திருந்தார். அதில் 'மூன்றாவது வரிசைக்கு' என்பதை மட்டும் அடித்துவிட்டு 'முன்வரிசை நடு இருக்கைக்கு' என்று மாற்றினார். கூட்டத்தில் எழுந்து பேசினார்.

"ஆடற தலை நம்மகிட்ட நெறைய இருக்கு. ஆடாத தலை ஒண்ணுதான் கெடைச்சிருக்கு. மத்த சபாக்காரா கொத்திண்டு போறதுக்குள்ள நாம கெட்டியாப் பிடிச்சுக்கணும். எனக்குச் சங்கீதம் தெரியாதுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் என்னைச் செயலாளராப் போட்டிருக்கேள். தெரிஞ்சவாளைப் போட்டா சண்டை வரும். ஆனா தெரியாதவா யாராவது தெரிஞ்சவாளைப் பார்த்துத்தான் நடந்துக்கணும். இத்தனை நாளா யாரைப் பார்க்கறதுன்னு புரியாம ஒருத்தரை ஒருத்தர் பார்த்துண்டிருந்தோம். இஷ்டத்துக்கு ரசிக்கணும்னா அதுக்கு பீச் இருக்கு, காத்து வாங்கிண்டே ரசிக்கலாம். சபான்னா ஒரு ஒழுங்கு வேணும்."

தீர்மானம் நிறைவேறியது. பொங்கலுக்குப் பிறகு தோல் பட்டையைக் கழற்றிவிட்டார்கள். வலி கழலவில்லை. மாதாந்தரக் கச்சேரிகளுக்கு அய்யாதுரை நடு இருக்கையில் வந்து உட்கார்ந்தார். ஒரு புல்லாங்குழல் வித்வான் தன் ஆசனத்தை அவர் முகம் கண்ணில் படாதபடி சற்றுத் திருப்பிப் போடச் சொன்னார். ஒரு மிருதங்க வித்வான், கூட்டம் கேன்டீனுக்குக் கிளம்பும் முன்பாகவே தனி ஆவர்த்தனத்தைத் தானாக முடித்துக்கொண்டார். அப்படி ஒன்று அதற்கு முன் நடந்ததாக யாருக்கும் நினைவில்லை. ஒரு வாரப் பத்திரிகையின் விமர்சகர், "அய்யாதுரை இரண்டு முறை முகம் சுளித்தார்" என்ற ஒரே வரியில் ஒரு முழுக் கச்சேரியை எழுதி முடித்துவிட்டார்.

அய்யாதுரை பொய் சொல்லத் தெரியாதவர். பார்க்கிறவர்களிடமெல்லாம் லாரி இடித்த கதையைச் சொன்னார். அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கடைசியில் டாக்டர் ஷரஃபுதீனிடமே, கழுத்தில் காயம் உண்மைதான் என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வந்து குழுவிடம் கொடுத்தார். சுந்தரராமன் அதைப் படித்துக் காட்டினார். "விநயத்துக்கும் ஒரு எல்லை இல்லையா சார். டாக்டர்கிட்டப் போய் எழுதி வாங்கிண்டு வந்திருக்கார்." புரவலரின் விநயத்தைக் குழு பாராட்டியது என்று நான் எழுதினேன்.

வீட்டில் முத்துலட்சுமி, "நீங்க எதுக்கு வலியப் போயிச் சொல்லுதிய? அவுகளா நெனைச்சிக்கிட்டா நாம என்ன செய்ய முடியும். பிள்ளைக்கிக் கச்சேரி கெடைக்கட்டும், பேசாம இருங்க," என்றாள். அவரும் அதன் பிறகு குறைத்துக்கொண்டார்.

அடுத்த சீசனில் அவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். 'நிச்சல ரசிக சிரோமணி.' நிச்சலம் என்றால் அசைவில்லாதது என்று சபாத் தலைவர் விளக்கினார். அவர் ஓய்வுபெற்ற நீதிபதி. எதையும் விளக்காமல் விட மாட்டார்.

"நான் நீதிபதியாக இருந்த காலத்தில், வாதி தரப்பு வக்கீல் பேசும்போது தலையாட்டுவேன். பிரதிவாதி தரப்பு பேசும்போதும் தலையாட்டுவேன். இரண்டு பேரும் ஜெயித்துவிட்டதாக நினைத்துச் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். தீர்ப்புச் சொன்னால் ஒருவர் அழ வேண்டியிருக்கும். ஆகையால் தீர்ப்பை அவசரப்பட்டுச் சொல்ல மாட்டேன். நான் ஓய்வு பெறுகிறவரை பல குடும்பங்கள் சந்தோஷமாகவே இருந்தன. என் நாற்காலியில் அய்யாதுரை அவர்களைப் போல் ஒருவர் இருந்திருந்தால் அத்தனை வழக்குகளிலும் நீதி கிடைத்திருக்கும். யோசித்தாலே பயமாக இருக்கிறது."

பலமாகக் கைதட்டினார்கள். பிறகு மாலை போட்டார்கள். கழுத்தில் கனம் ஏற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சபா ரோஜா மாலை போட்டது, சபாவின் சங்கீதப் பள்ளி சம்பங்கி மாலை போட்டது, கேன்டீன்காரர் தன் பங்குக்கு ஆள் உயரத்துக்கு ஒன்று போட்டார். எல்லாம் தண்ணீர் தெளித்து ஈரத்தோடு இருந்தன. கேன்டீன் மாலை விழுந்தபோது அய்யாதுரையின் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று எழுதிக்கொள்ளும்படி சுந்தரராமன் என் காதில் சொன்னார்.

அதற்குப் பிறகு முன்வரிசையில் தலையாட்டம் நின்றது. ஆட்டுகிறவர்களைச் சுந்தரராமன் பார்த்த பார்வையில் அவர்களே நிறுத்திக்கொண்டார்கள். எல்லோர் கழுத்திலும் பட்டு அங்கவஸ்திரம் இரண்டு சுற்றுச் சுற்றியது. ஓய்வுபெற்ற என்ஜினீயர் ஒருவர் ஆத்தில் தலைமேல் சொம்பை வைத்துக்கொண்டு ரேடியோக் கச்சேரி கேட்டுப் பழகுவதாக அவரே பெருமையாகச் சொன்னார். காலமெல்லாம் ஆடிப் பழகிய தலையைப் பிடித்து நிறுத்தினால் கழுத்து சும்மா இருக்குமா. ஒவ்வொருவராக ஆழ்வார்பேட்டைக்குக் கிளம்பினார்கள்.

"மயிலாப்பூர்ல என்ன நடக்குது?" என்று டாக்டர் ஷரஃபுதீன் அய்யாதுரையிடம் கேட்டார். "லாரியும் இடிக்கலை, கீழேயும் விழலைங்கிறாங்க. கழுத்து மட்டும் பிடிச்சிருக்கு."

"அவுக எல்லாரும் பாட்டு கேக்காவ டாக்டர்," என்றார் அய்யாதுரை.

சபாவில் இப்படி. வீட்டில் ஜெயபாரதி காலையில் பாடிக்கொண்டுதான் இருந்தாள். அய்யாதுரை எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார். தலை ஆடவில்லை. மனசுக்குப் பிடித்த இடம் வரும்போது, "நல்லா இருக்குட்டி" என்று வாயால் சொன்னார். "சரிப்பா" என்பாள். ஆனால் அடுத்த பாட்டுக்குப் போகாமல் அதையே திரும்பப் பாடுவாள். நல்லா இருக்கு என்பதை அவர் கடைக்கு வருகிறவர்களிடம் குக்கரைக் காட்டியும்தான் சொல்கிறார். "அவ என் மூஞ்சியப் பாக்கல சார், கழுத்தத்தான் பாக்கா," என்று கேன்டீனில் ஒரு நாள் என்னிடம் சொன்னார். தலையைக் குனியாமல் காபி டம்ளரை முகத்துக்கு நேரே தூக்கிக் குடித்துவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்குக் கஷ்டமாக இருந்தது.

எழுபத்துநாலில் 'பார்க்கலாம்' பழுத்தது. ஜெயபாரதிக்கு டிசம்பரில் பகல் பன்னிரண்டு மணிக் கச்சேரி கொடுத்தார்கள். சுந்தரராமன் அய்யாதுரையை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஒரே ஒரு சிக்கல் சார். நீங்க நடு இருக்கையில இருந்தாகணும். வரலேன்னா, பெத்த பொண்ணு பாட்டையே கேக்க முடியலைன்னு ஓடிட்டார்ம்பா. வந்து உட்கார்ந்து அசையலேன்னா, அப்பாவே அசையலை, இவளுக்கு எதுக்கு மேடைன்னு எல்லா சபாவும் கதவைச் சாத்திடும். அசைஞ்சேள்னா, யாருக்கும் அசையாதவர் சொந்தப் பொண்ணுக்கு அசைஞ்சுட்டார்னு நம்ம சபா பேர் கெட்டுடும். அதனால நீங்க வரணும், அசையப்படாது, அசையாமலும் இருக்கப்படாது. மத்தபடி உங்க சௌகரியம்."

"சாமி, எனக்குத்தான் கழுத்தே அசையாதே."

"விநயத்தையெல்லாம் அன்னிக்கு ஒரு நாள் ஆத்துல வெச்சுட்டு வாங்கோ," என்றார் சுந்தரராமன்.

பகல் கச்சேரிக்குப் பொதுவாகப் பக்கவாத்தியக்காரர்களின் உறவினர்களும், கேன்டீனில் சாப்பாட்டு இலை போடுவதற்காகக் காத்திருக்கிறவர்களும் வருவார்கள். அன்றைக்கு ஹால் நிரம்பி வழிந்தது. அத்தனை பேரும் பாட்டுக் கேட்க வரவில்லை, கழுத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். ஆடுமா ஆடாதா என்று கேன்டீனில் ரவா தோசை பந்தயம் கட்டியிருந்தார்கள்.

ஜெயபாரதி நன்றாகப் பாடினாள். எனக்குத் தெரிந்த சங்கீதத்துக்கு அதற்குமேல் சொல்ல வராது. குரலில் ஒளிவு மறைவு இல்லை. ஆனால் எதிரே பார்த்தால் ஒரு தலையும் ஆடவில்லை. முன்வரிசை, அடுத்த வரிசை, அதற்கடுத்தது என்று எல்லாத் தலைகளும் அப்பாவின் கடை அலமாரியில் அடுக்கின குடங்கள் மாதிரி இருந்தன. பாட்டுக்கு ஒரு 'பலே' இல்லை, ஒரு 'ஆஹா' இல்லை. எல்லோரும் நடு இருக்கைக்காகக் காத்திருந்தார்கள்.

காம்போதி ஆலாபனைக்கு வந்தபோது அவளுக்குப் பயம் வந்துவிட்டது. தூணுக்குப் பின்னால் இருந்தே அது கேட்டது. மேலே போக வேண்டிய இடத்தில் போகாமல் திரும்பினாள். அப்பாவைப் பார்த்தாள், உடனே பார்வையை எடுத்துக்கொண்டாள். இத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று குரல் கீழே இறங்கத் தொடங்கியது. பெண்கள் பக்கத்தில் முத்துலட்சுமி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

நான் அய்யாதுரையின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அவர் அங்கவஸ்திரம் சுற்றியிருக்கவில்லை. காதுமடல் இரண்டும் சிவந்தன. கைகள் நாற்காலிப் பிடியை இறுக்கின. பிடரியில் வியர்வை அரும்பியது. பிறகு அந்தக் கழுத்து குனிந்தது. துருப்பிடித்த கேட்டைத் தள்ளுவது போல, கொஞ்சம் கொஞ்சமாக, மோவாய் மார்பைத் தொடுகிறவரை குனிந்தது. அதே வேதனையோடு நிமிர்ந்தது. மறுபடி குனிந்தது. பிறகு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. சபாவில் நான் பார்த்த எந்த வகையிலும் அது சேரவில்லை. தாளத்துக்கும் சேரவில்லை.

முடிக்கப் போன ஜெயபாரதி முடிக்கவில்லை. பாதியில் திரும்பிய இடத்துக்கே மறுபடி போனாள். அதைத் தாண்டிப் போனாள். அங்கே நின்று, அவசரமில்லாமல், என்னென்னவோ செய்தாள். முன்வரிசைக் கழுத்துகள் இரண்டு சீசன் பட்டினி கிடந்தவை, ஒரேயடியாக அவிழ்த்துக்கொண்டன. என்ஜினீயரின் அங்கவஸ்திரம் கீழே விழுந்தது. யாரோ, "பலே, பலே" என்று கத்தினார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். யாரும் பார்க்காத தூணுக்குப் பின்னால் நானும் ஆசைதீர ஆட்டினேன்.

மறுநாள் காலையில் நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. அய்யாதுரையைப் புரவலர் என்ற முறையில் அழைத்திருந்தார்கள். கழுத்தில் மறுபடி தோல் பட்டையோடு வந்தார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அவ்வளவு தெளிவான முகத்தோடு அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நிச்சல சிரோமணி சலிச்சுடுத்து," என்று சுந்தரராமன் ஆரம்பித்தார். "ராமசேஷன் காலம்பற ஆத்துக்கே வந்துட்டார். என் தோடிக்கு ஆடாத தலை அந்தப் பொண்ணு காம்போதிக்கு ஆடித்துன்னா, நான் இனிமே எப்படி வெளியில தலை காட்டறதுங்கறார். நியாயம்தானே. ஒண்ணு, அந்தப் பொண்ணு அவரைவிட ஒசத்தின்னு நாம ஒத்துக்கணும். இல்லேன்னா, நாம குடுத்த பட்டம் தப்புன்னு ஒத்துக்கணும். ரெண்டும் சபாவுக்குப் பழக்கமில்லை."

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். "அவர் கழுத்தில் ஏதோ காயம் என்று சொல்வாரே," என்றார்.

அறையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சுந்தரராமனின் முகம் மலர்ந்தது.

"அவரே எத்தனை தடவை சொல்லியிருக்கார். நாமதான் காதுலயே போட்டுக்கலை."

தலைவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நேற்றுப் புரவலரின் தலையில் காணப்பட்ட அசைவு, பழைய கழுத்துக் காயத்தின் நீண்டகால விளைவு. அதை ரசனையாகக் கருதுவதற்கில்லை. அதற்கு முன்பு மூன்று வருஷமாக அந்தத் தலையில் காணப்பட்ட அசைவின்மை ரசனையே. அவர் உடல்நலம் தேறச் சபா பிரார்த்திக்கிறது.

அய்யாதுரை நாற்காலியின் இரண்டு பிடிகளையும் பிடித்துக்கொண்டு எழுந்தார். மொத்த உடம்பையும் தலைவர் பக்கம் திருப்பினார்.

"ஐயா, மூணு வருசமா அசையாம இருந்தது என் கழுத்து. நேத்து அசைஞ்சது நான். அத மாத்தி எழுதாதீய."

சுந்தரராமன் என் பக்கம் குனிந்து, "விநயம்னு போட்டுக்கோங்கோ," என்றார்.

எங்கள் குழுவில் ஓட்டுக்குக் கையைத் தூக்கும் வழக்கம் இல்லை. தலையாட்டினால் சம்மதம். தலைவர் எல்லோரையும் பார்த்தார். எல்லோரும் ஆட்டினார்கள், தேவைக்கு மேலேயே ஆட்டினார்கள். அய்யாதுரை ஆட்டவில்லை. நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஒருவர் ஆட்டவில்லையே," என்றார் தலைவர்.

"பாவம், அவருக்குக் கழுத்து வலி," என்றார் சுந்தரராமன். "ஆட்டினதாவே வெச்சுக்கலாம்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எழுதுகிறவனுக்கு ஓட்டு இல்லை, எழுதினேன். பிறகு பேனாவை மூடிவிட்டு, குனிய முடியாத அய்யாதுரைக்கு மாடிப்படி தெரியாதே என்று கூடவே போய்க் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். கீழே காரின் பக்கத்தில் ஜெயபாரதி காத்துக்கொண்டிருந்தாள். பொன்னுரங்கம் கதவைத் திறந்து பிடித்திருந்தான்.

"என்ன சொன்னாவப்பா?"

"நேத்து நான் தலையே ஆட்டலன்னு முடிவு பண்ணிட்டாவ."

அவள் காரின் கூரை விளிம்பில் தன் உள்ளங்கையை வைத்து, அவர் தலை இடித்துக்கொள்ளாமல் பின் சீட்டில் உட்கார வைத்தாள். பட்டைக்குப் பின்னால் சுருண்டிருந்த சட்டைக் காலரை இழுத்துச் சரி செய்தாள்.

"நான் பாத்தேம்லாப்பா," என்றாள்.